பரஸ்பர சம்மதம்

"மேடம், விவாகரத்து மனு எழுதறது நீங்கதானே?"

துர்கா சட்டென்று எழுந்து நின்றாள். அவளை 'மேடம்' என்று கூப்பிட்ட முதல் ஆள் இவர்தான். அந்த வக்கீல் ஆபீஸில் அவள் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாராலீகல் என்பது பதவி. கட்சிக்காரர்களிடம் விவரம் கேட்டு எழுதி, டைப் அடித்து வைக்க வேண்டும். அவள் அம்மாவோ தெருவெல்லாம் 'எம் பொண்ணு வக்கீலாயிட்டா' என்று சொல்லி முடித்துவிட்டாள்.

"சீனியர் கோர்ட்டுக்குப் போயிருக்காருங்க. விவரத்தை நான் எழுதிக்கறேன், உக்காருங்க."

வேட்டி சட்டையில் ஒரு பெரியவர். கூடவே நரைத்த தலையோடு ஓர் அம்மாள். பெரியவர் காற்று வரும் இடத்து நாற்காலியை அந்த அம்மாளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தான் ஓரமாக உட்கார்ந்தார்.

இந்த வயதிலா என்று துர்காவுக்குத் திக்கென்றது. ஆனால் இந்தத் தொழிலில் எதற்கும் ஆச்சரியப்படக் கூடாது என்று சீனியர் சந்திரமோகன் சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். "குடும்பக் கேஸுல எடுத்த எடுப்புல பேரு என்ன, வயசு என்னன்னு ஆரம்பிக்காத. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆயிடும். மொதல்ல பேச வுடு. பேரெல்லாம் கடைசியில எழுதிக்கலாம்."

துர்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"பரஸ்பர சம்மதம்தானே? சண்டை எதுவும் இல்லியே?"

"எங்களுக்குள்ள என்னம்மா சண்ட?" என்றாள் அந்த அம்மாள்.

"கல்யாணம் எங்க நடந்துச்சு?"

அவ்வளவுதான், பெரியவர் முகமே மாறிவிட்டது. "இங்கதாம்மா, ஆரணியில. வைகாசி மாசம். அன்னிக்குன்னு பாத்து பேய் மழ. நீங்களே சொல்லுங்க" என்று அந்த அம்மாள் பக்கம் திரும்பினார்.

துர்காவின் தெருவில் பெண்டாட்டியை 'நீங்க' போட்டுப் பேசும் ஆண் கிடையாது. பிரியப் போகிறவர்களுக்கு மரியாதை தானாக வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"பந்தியில எல போட்டாச்சு, பரிமாற ஆளில்ல" என்று ஆரம்பித்தாள் அந்த அம்மாள். "சமையல் ஆளுங்க பாதிப் பேரு மழையில வந்தவாசியிலயே மாட்டிக்கினாங்க. எங்க அண்ணன் கையப் பெசஞ்சிகினு நிக்கறாரு. மாப்ள வூட்டு ஜனங்க என்னா பேசப் போவுதோன்னு நான் அவங்க மூஞ்சியையே பாத்துக்கினு நிக்கறேன். இவரு பட்டு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு சாம்பார் வாளியத் தூக்கிட்டாரும்மா! எங்க ஜனங்களையே, இன்னொரு கரண்டி ஊத்தட்டுமான்னு கேட்டுக்கினே போறாரு!"

கழுத்து மாலையோடு மாப்பிள்ளை சாம்பார் ஊற்றும் காட்சியை நினைத்து துர்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள்.

"முகூர்த்தப் பொடவைக்கு நடந்த கூத்த சொல்லலியே" என்றார் பெரியவர். "மாம்பழ மஞ்சள்னு நானு, அரக்குன்னு இவங்க. ஒரே பேஜாரு. கடைசியில உடம்பு மாம்பழம், பார்டர் அரக்கு. எங்க தறியிலயே போட்டோம்."

"அந்தப் பொடவ இன்னும் எங்கிட்டதான் பத்திரமா இருக்குது" என்றாள் அந்த அம்மாள் மெதுவாக.

"எனக்கு வேலூர்ல ஆபரேஷன் ஆனப்போ, செய்யாறுல இருந்து தெனமும் பஸ் ஏறி, ரசம் சோறு கொண்டாந்தது இவங்கதாம்மா. எங்கூடப் பொறந்ததுங்ககூட எட்டிப் பாக்கல."

துர்கா பேனாவை எடுத்தாள். "அப்போ தனித்தனியாதான் இருக்கீங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதா? சட்டத்துல கேப்பாங்க."

"இவங்க செய்யாறு, நான் ஆரணி. அதெல்லாம் தாராளமா ஆவுது."

"பிரியறதுக்குக் காரணம்?"

பெரியவர் வாசலில் போகிற ஆட்டோவைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒத்துப் போவலன்னு எழுதிக்கம்மா" என்றாள் அந்த அம்மாள். "அப்படித்தான் எழுதணுமாம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒத்துப் போகவில்லையாம்! இந்த இரண்டு பேரே ஒத்துப் போகவில்லை என்றால், ஊரில் வேறு யார்தான் ஒத்துப் போகிறார்கள்? துர்காவுக்குத் தாங்கவில்லை. வாழ்க்கையில் அவள் எழுதப் போகும் முதல் மனு, இவர்களைப் பிரிப்பதற்கா? வேலை போனாலும் போகட்டும் என்று பேனாவை மூடி வைத்தாள்.

"சீனியருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. இருந்தாலும் சொல்றேன். மனு போட்ட ஒடனே தீர்ப்பு வந்துடாது. பொதுவா ஆறு மாசம் டைம் குடுப்பாங்க. அதுக்குள்ள மனசு மாறிச்சுன்னா வாபஸ் வாங்கிக்கலாம். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் மனசு வெச்சீங்கன்னா..."

"நாங்க மனசு வெச்சு என்னாம்மா ஆவப் போவுது?" என்றார் பெரியவர். "எம் பையனும் இவங்க பொண்ணும் பெங்களூர்ல முடிவே பண்ணிட்டாங்க. கையெழுத்துப் போட மட்டும்தான் வருவாங்களாம்."

கொஞ்சம் தயங்கினார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பவர்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆறு மாசம்னு சொன்னியேம்மா, அதுவரைக்கும் நாங்க சம்பந்திங்கதானே? தீபாவளிக்கு இவங்கள வூட்டுக்குக் கூப்புடலாமான்னு என் சம்சாரம் கேட்டுக்கினு வரச் சொல்லிச்சு."