அழையாமல் எழுந்தவை

மழை ஓய்ந்து, வெளியெங்கும் ஈரம் மௌனமாய் உறைந்து நின்ற முன்பனிக் காலை.

கொசுவின் வயிற்றிலுள்ள ஓர் அமிலம் தீண்டினால்தான் மலேரியாக் கிருமிகள் துயிலெழுந்து இணைசேரும். நாத்தனாரும் அவள் தம்பி மனைவியும் பணிபுரியும் ஆய்வகத்தில், அவ்வமிலம் கலவாத இரத்தத்துளியைத் தம்பி மனைவி நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். கிருமிகள் எழுந்து சுழன்றன. நாத்தனார் பார்க்கையில் உறங்கின. இவள் குனிந்ததும் மீண்டும் எழுந்தன. வேறு துளியிலும் அவ்வாறே.

“உன்னைக் கண்டா மட்டும் அதுங்களுக்குக் கல்யாணக் களை வந்துடுதேடி!”

“போங்கக்கா, கூச்சமா இருக்கு!”

ஒன்பது ஆண்டுகளாய்ப் பிள்ளைவரம் வேண்டியவள் அவள். கருவுற்றிருக்கிறாளா என்ற சோதனையின் முடிவை மருத்துவர் சொல்வது அன்று மாலைதான்.

நாத்தனாரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கையுறைகளைக் கழற்றினாள், கண்மூடி, படைத்தவனை நினைந்து கைகூப்பினாள். பின்பு தம்பி மனைவியின் தலைமேலும், மெல்ல அவள் வயிற்றின்மேலும் கைவைத்தாள்.

“நல்லா இருங்கடி, ரெண்டு பேரும்.”