மோர்ச்செம்பு வட்டம்

கோரிப்பாளையத்து மாடி அறையில் ஜன்னல் வெயில் மேசை முழுக்க விழுகிறது. டி. கல்லுப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் பஞ்சக் கணக்கெடுக்க வீடு வீடாகப் போய் எழுதிய நூற்றிருபது அட்டைகளைக் கதர்ச்சட்டை முத்திருளன் அதில் பரப்பியிருக்கிறார். எதிரே, கல்கத்தாவில் புள்ளியியல் படித்துத் திரும்பிய ரவூப். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். “அஞ்சு வீட்டுக்கு நாலுல கறவ மாடு இருக்குன்னு கணக்கு சொல்லுது தம்பி. இதக் குடுத்தா ஜில்லா போர்டுல கஞ்சித்தொட்டி எதுக்குன்னுருவாக. ஆனா ஊரு பசியில கெடக்கே!” ரவூப் எண்களை விட்டுவிட்டு ஒவ்வோர் அட்டையாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். பெரும்பாலானவற்றில் வெளிறிய ஒரு வட்டக் கறை. விரலால் அதைச் சுற்றிப் பார்க்கிறார், முகர்ந்தும் பார்க்கிறார். “இது என்னண்ணே?” “மோர்ச்செம்பு வச்ச தடம். கூப்பிட்டு உக்கார வச்சுக் குடுப்பாக. அட்டை காத்துல பறக்காம அதுமேலயே வச்சுக்கிருவேன்.” “கூப்பிடாத வீடு?” “கூப்பிடாம ஒரு வீட்டுப் படி ஏறுனா மருவாதியா தம்பி?” “மோரு குடுக்குற வீட்டுல மாடு இருக்கத்தானண்ணே செய்யும்?” முத்திருளன் பரப்பிய அட்டைகளை ஒன்றாகக் கூட்டி ஓரமாக ஒதுக்குகிறார். தெருவில் ஜட்கா ஒன்று சலங்கை குலுங்கப் போய் மறைகிறது. ரவூப் எழுதாத அட்டைக் கட்டு ஒன்றை அவர் பக்கம் நகர்த்துகிறார். முத்திருளன் மேலட்டையை எடுத்து, ரவூப் செய்ததைப் போலவே, வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். கறையே இல்லை. “வாரேன் தம்பி,” என்று எழுகிறார். “இந்தத் தடவ கூப்பிடாத வீட்டுப் படியும் ஏறணும். குடிக்கத் தண்ணி நானே கொண்டு போறேன்.”