புதுமுகம்

என் மனைவியின் தம்பி சொன்ன காரணத்தைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. சொதப்பிவிட்டு அழகாகக் கதை கட்டுகிறான் என்றே நினைத்திருந்தேன்.

எழுத்து வடிவமைப்பது அவன் தொழில். வளைவே இல்லாமல், தடித்த கோடும் கூர் மூலையுமாக, விண்கலத்தில் ஒட்டுகிற மாதிரி ஒரு தமிழ் எழுத்துருவை உருவாக்கியிருந்தான். அதில் அவன் செய்த முதல் போர்டு எங்கள் தெரு சலூனுக்கு. ஆர்டர் பிடித்துக் கொடுத்தவன் நான்.

மாட்டியதும் கூட்டம் கூடியது.

"என்னது, பதுங்குகுழியா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இல்லைய்யா, ராக்கெட் விழுந்து நொறுங்கியிருக்கு" என்றார் வாத்தியார்.

எனக்கு மானம் போயிற்று. "டேய், வாத்தியாருக்கே படிக்க வரலைன்னா எதுக்குடா போர்டு? கழட்டு!"

"கொஞ்சம் பொறுங்க மாமா."

சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"பு... து... மு... கம்! என்ன சார், இதுகூடப் படிக்கத் தெரியலையா?"

"அட, ஆமாய்யா!" வாத்தியாரே கை தட்டினார்.

அன்று முதல் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்பதும், அவர் நெஞ்சை நிமிர்த்திப் படித்துக் காட்டுவதும், கேட்டவர்களில் சிலர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவதும் வழக்கமாயிற்று.

மருந்துக்கடைக்காரர் மட்டும் தன் போர்டு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

"பார்த்தியா, வர இருந்த வேலையும் போச்சு!"

"போகட்டும் மாமா. சலூன்காரருக்குப் படிக்கத் தெரியாது. மாதிரியைக் கொடுத்தப்போ தலைகீழாப் பிடிச்சுப் பார்த்துட்டு, 'பிரமாதம்'னார். தெருவுல அவருக்கு மட்டும் படிக்க வர்றது ஒண்ணாவது இருக்கட்டுமே."

நல்ல சமாளிப்பு! அந்த எழுத்தை யார் வாங்கினாலும் தலைகீழாகத்தான் பிடிப்பார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு முறை முடிவெட்டப் போகும்போதும் ஒரு உறுத்தல். அவனை நம்பாதது என் புத்திசாலித்தனமா, அற்பத்தனமா?

போன வாரம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மின்சார ஸ்கூட்டர் கடை திறந்தார்கள். அதே எழுத்தில் 'புதுயுகம்.' ஓடும் பஸ்ஸிலிருந்தே பளிச்சென்று படித்துவிட்டேன்.

இறங்கி நேரே சலூனுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். இங்கே எழுத்துக்கு எழுத்து இடைவெளியே இல்லை. ஒன்றின் கால் அடுத்ததன் முதுகில் ஏறி நின்றது.

அங்கிருந்தே அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"அந்த எழுத்தை எப்படா திருத்தினே?"

"திருத்தவே இல்லையே மாமா. அன்னைக்கு இருந்ததுதான் இன்னைக்கும்."

உள்ளேயிருந்து சலூன்காரர் யாருக்கோ உரக்கப் படித்துக் காட்டும் குரல் கேட்டது. "பு... து..."

"அப்போ, உன் முதல் போர்டு, ஊரே சிரிக்கும்னு தெரிஞ்சும், வேணும்னேதான் கெடுத்தியாடா?"