ஆறு கிலோ

“அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க! எட்டிப் பார்த்தீங்கன்னா இந்தப் பயணமே வேணாம்!”

எடைக் கருவியின்மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள் நவமணி. பீடோர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வாளி சுமந்த கை அது. இடுப்புப் பிடிப்புக்காரரான கணவர் இராமசாமி, பேனாவும் காகிதமுமாகச் சுவரைப் பார்த்து நின்றார். பெட்டி இருபத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. முசிறியில் இருக்கும் தம் அக்காவுக்கென்று அவர் ஆசையாக வாங்கிய பத்துப் பொட்டலம் ஈப்போ காப்பியும் அதற்குள்தான் இருந்தது.

“தொண்ணூத்தொம்போது” என்றாள்.

“சரி, இப்பப் பெட்டிய எறக்கிட்டு உன் எடைய மட்டும் சொல்லு. கழிச்சிடலாம்.”

இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். எழுபத்து நான்கு!

இராமசாமி ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். மழை பிடித்தால் ‘ஹெவி’, வயிறு நிறைந்தால் ‘ஹெவி’, ஜெலாப்பாங் சாலையில் நெரிசல் என்றாலும் ‘ஹெவி’. ஆனால், மணமாகி முப்பது ஆண்டுகளில் மனைவியை மட்டும் அவர் அப்படிச் சொன்னதில்லை. இன்று அவர் வாயைக் கிளறுவானேன்?

“அறுபத்தெட்டு.”

“அப்படின்னா பெட்டி முப்பத்தொண்ணு! ஆறு கிலோ கூடுதலா இருக்கே...” அவர் குரல் இறங்கியது. “அக்காவோட காப்பி சரியா ஆறு கிலோ. அத எடுத்துட வேண்டியதுதான்லா.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. பத்துப் பொட்டலங்களையும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

மறுநாள் விமான நிலையம் போகும் வழியெல்லாம் மனம் உறுத்தியது.

“உங்க அக்காவுக்கு ஒண்ணுமே கொண்டு போகலியேங்க...”

“விடு நவம், பாத்துக்கலாம்” என்று சீட்டியடித்துக்கொண்டே வந்தார் அவர்.

அங்கே பெட்டியை எடைமேடையில் வைத்தார்கள். இருபத்தைந்து என்று காட்டியது.

“அய்யய்யோ, பத்தொம்போதுதானே இருக்கணும்!” தன்னையறியாமல் கத்திவிட்டாள் நவமணி.

“அதெப்படி? உன் கணக்குப்படி முப்பத்தொண்ணுல ஆறு போனா இருபத்தஞ்சுதானே?”

நவமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இராமசாமி அவள் காதருகே குனிந்தார். “நேத்து நீ குளிக்கப் போனப்பவே காப்பியெல்லாம் திரும்ப உள்ள வச்சிட்டேன். முப்பது வருசம் லோரி ஓட்டுனவன் நான். நீ பின்னால ஏறி உக்காந்தா லோடு எவ்வளவுன்னு என் மோட்டார் சைக்கிளே சொல்லிடும்லா!”