தன்மைப் பன்மை

"களரை வெட்டினோம். உரத்துக்குத் தக்கைப்பூண்டு வெதச்சோம். பூ வர்ற நேரத்துல மடக்கி உழுதோம். எழுதிட்டியா?"

ஊரிலிருந்து பவுனு சொல்லச் சொல்ல, டெல்லி மயூர் விஹார் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் கோமளா லேப்டாப்பில் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் கிடந்தது. பக்கத்தில், பாதி நறுக்கிய பீன்ஸ்.

பவுனு அவளுக்கு ஓரகத்தி. மூத்தவள்.

கிராமத்துப் பெண் விவசாயிகளுக்கென்று ஓராண்டு விதை உற்பத்திப் படிப்பு. படிப்புச் செலவு, விடுதிச் செலவு எல்லாம் உதவித்தொகையில் வந்துவிடும். விண்ணப்பிக்க இன்று மாலைதான் கடைசி.

"கெடச்சா போயிடுவேன்டி. சோறு யாரு பொங்குறதுன்னு அவங்க பாத்துக்கட்டும்" என்று பவுனு போன வாரம் சொல்லியிருந்தாள். சிரிக்காமல் சொன்னாள். அதனால்தான், கிடைக்காமல் போனால் என்று கோமளாவுக்குப் பயமாக இருந்தது. அக்கா எதையும் சிரிக்காமல் கேட்டதில்லை. கேட்டதே இல்லை.

விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார்கள். நீங்கள் செய்ததை மட்டும் எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக எழுதினால் தள்ளிவிடுவோம்.

பவுனுவோ ஒவ்வொரு வேலையையும் ஓர் 'ஓம்' போட்டுத்தான் முடித்தாள். வெட்டினோம். வெதச்சோம். உழுதோம்.

கீழே கேட்டில் நிற்கும் பிகார்க்கார பையாவும் இப்படித்தான். ஒற்றை ஆளாகத் தேநீர் குடித்துவிட்டு இந்தியில் 'ஹம்', அதாவது நாங்கள், குடித்தோம் என்பார். அக்காவும் அந்த ரகம் போல என்று கோமளா நினைத்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் தட்டியிருந்த ஒவ்வொரு 'நாங்கள்' என்பதையும் அழித்து 'நான்' ஆக்கினாள்.

நான் வெட்டினேன். நான் விதைத்தேன்.

படிக்க நன்றாகத்தான் இருந்தது. உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்த நிலத்தில், மண்வெட்டியோடு அக்கா தன்னந்தனியாக நின்றாள்.

அந்த 'ஓம்' கோமளாவுக்குப் பழகிய சத்தம். டெல்லிக்கு வந்த நாளிலிருந்து தினம் சாயங்காலம் போனில் கேட்பதுதான். இன்னிக்கு நாத்து விட்டோம், இன்னிக்குக் களை எடுத்தோம். கேட்கும்போதெல்லாம் ஒரு வீடு தெரியும். உள்ளே விளக்கு எரியும், ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், கதவு சாத்தியிருக்கும். கல்யாணமான புதிதில் சில வருடங்கள் அவளும் அந்தக் களரில் கை கொப்பளிக்க வெட்டியவள்தான். ஆனால் விட்டுவிட்டு வந்தவள் அவள். வந்தவளுக்கு அந்த 'ஓம்'மில் என்ன இடம்? சுருக்கென்று ஒன்று தைக்கும். அடுப்பைக் குறைத்துவிட்டு, அக்கா பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அப்புறம் கத்திரி வெதை எடுத்தோம். போன மாசி ஊர்ல பாதிப் பேருக்கு நம்ம வெதைதான் குடுத்தோம்."

கோமளா விரலை எடுத்தாள்.

"அச்சா, ஒண்ணு கேக்கறேன்க்கா. நாளைக்கு அவங்க நேர்ல கூப்பிட்டு, நாங்க நாங்கன்னு சொல்றீங்களே, அது யார் யார்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? மாமாவையும் சேத்துக்குவீங்களா?"

பவுனுவின் கணவர் கலியன் வயல் பக்கம் போவது, பொங்கலுக்கு மாடு குளிப்பாட்ட மட்டும்தான்.

"அவரையா! வரப்புல நிக்கச் சொன்னா வாய்க்கால்ல விழுந்துட்டு வருவாரு."

"பின்ன எதுக்கு நாங்க நாங்கங்கறீங்க? நான்னு சொல்லிப் பழகுங்கக்கா."

"நாங்கன்னு எவடி சொன்னா?"

கோமளா யோசித்தாள். உண்மைதான். அக்கா அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. வெறும் 'ஓம்'தான். அதற்கு முன்னால் 'நாங்க' என்று போட்டுக்கொண்டது கோமளாதான்.

"நாம வெட்டினோம்னுல்ல சொல்லிக்கிட்டு இருக்கேன். டெல்லிக்குப் போயி தமிழும் மறந்துபோச்சா ஒனக்கு?"

"நாமன்னா..."

"நானும் நீயும்டி. வேற எவ இருந்தா அங்க?"

"களர் வெட்டினப்ப சரிக்கா. வெதை குடுத்தப்ப நான் எங்க இருந்தேன்? இங்கல்ல இருந்தேன்."

"இருந்தா என்ன? சாயங்காலமானா போன்ல 'ம்' கொட்டினது யாரு? அது கேக்கலேன்னா மறுநா மம்முட்டியத் தொட்டிருப்பனா நானு?"

கோமளா திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை 'நான்', 'நான்' என்று வரிசையாக நின்றது. ஒவ்வொன்றின் அடியிலும் தான் இருந்திருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது. காலையிலிருந்து தன்னைத் தன் விரலாலேயே அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எதையும் மாற்றவில்லை. விடுதிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா தனியாகத்தான் போக வேண்டும். 'நான்' அப்படியே இருக்கட்டும்.

ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். வந்து சேர்ந்தது என்று பச்சையில் ஒரு வரி வந்தது.

"அனுப்பிட்டியாடி?"

அனுப்பிட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"நாம அனுப்பிட்டோம்க்கா."

போனில் எங்கேயோ ஒரு மாடு கத்தியது.

"ம்" என்றாள் பவுனு.