கடலுக்கு முறை தெரியாது

கடற்கரை மணலில் புதைந்து கிடந்த பழங்காலத்து இரும்பு உருக்கும் செங்கல் உலை ஒன்றை வெளியே கொண்டுவரும் பெரும் பொறுப்பு ஓர் அகழாய்வு பிரஷ்ஷிடம் வந்து சேர்ந்தது. அது முறை தவறாத பிரஷ். ஒரு செங்கல்லைத் துடைக்கப் பத்து நாள் எடுத்துக்கொள்ளும்.

"சார், அலை என் முதுகுப் பக்கத்தை அரிச்சுக்கிட்டே இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்றது உலை.

"ரெண்டாயிரம் வருஷம் சும்மாதானே கிடந்தே? இப்ப மட்டும் என்ன அவசரம்?" என்று அதட்டியது பிரஷ்.

அதற்குள் ஓர் அலை வந்து, உலையின் பின்சுவரில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பியது. பிரஷ்ஷுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய், நில்லு! அளவு எடுத்தியா? படம் வரைஞ்சியா? எந்தக் கல் எந்த மண்ணடுக்குல இருந்துச்சுன்னு குறிச்சு வெச்சியா? இப்படியா தோண்டுவாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்றது அலை. "மேல கிடந்த மணல் மேட்டைக் கரைச்சு, உலையை உங்க கண்ணுல காட்டினதே நான்தான். வந்து எடுத்துட்டுப் போவீங்கன்னு நாலு மழைக்காலம் பொறுத்தும் பார்த்தேன்."

"படிப்பறிவில்லாத ஜென்மம்" என்று முணுமுணுத்துவிட்டு பிரஷ் மறுபடியும் முதல் செங்கல்லின் மேல் குனிந்துகொண்டது.

பத்தாம் நாள் அந்தச் செங்கல்லில் ஒரு பொட்டு மண் இல்லை. பிரஷ் பெருமையோடு நிமிர்ந்து, "இப்ப சொல்லு, எப்படி இருக்கு?" என்று உலையைக் கேட்டது.

சுற்றிலும் தண்ணீர்தான் இருந்தது. பதில் சொல்ல அந்த ஒரு செங்கல்தான் மிச்சம்.

"ரொம்ப சுத்தமா இருக்கு சார்" என்றது அது.