வெங்காயக் கூடை

பொற்கொடியை ஒரு வார்த்தை கேட்காமல் சின்ன வெங்காயக் கூடை அவள் முன்னால் வந்து இறங்கியது. கண்ணிலும் வாயிலும் நீர் வற்றிப்போகும் இந்த நோய் வந்ததிலிருந்து, வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் வெங்காயம் அவள் தலையில்தான். இன்று அம்மாவின் பதினாறாம் நாள் காரியம்.

"உனக்குத்தான் கண்ணு கலங்காதே, சட்டுனு உரிச்சிருவ" என்றாள் அண்ணி.

கண்ணீர் வராவிட்டால் எரியாது என்று இவர்களுக்கு எந்த மடையன் சொன்னான்? மற்றவர்களுக்காவது நீர் வந்து கழுவிவிட்டுப் போகும். அவளுக்கு எரிவது எரிந்துகொண்டே இருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கூடத்தில் சித்தி வெற்றிலைச் சாற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யாரிடமோ சொன்னாள்: "பெத்த தாய்க்கு ஒரு சொட்டு விடலையே. கல்லு மனசுடீ."

பொற்கொடி இடுப்பில் செருகியிருந்த சொட்டு மருந்தை எடுத்தாள். அண்ணி பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். "இப்ப ஊத்தாத. நடிக்கிறதா சொல்லுவாங்க."

பொற்கொடி மருந்தைத் திரும்பச் செருகினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய், அப்படியே சித்தியின் மடியில் கவிழ்த்தாள்.

"நீங்க உரிங்க சித்தி. எனக்கும் சேத்து அழுதுருங்க."